பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம், அடிமைமுறை ஒழிந்த கையோடு 1867இல் தொடங்கப்பட்டது. கறுப்பின மக்கள் தங்கள் சொந்த அறிவுக்கூடமாகக் கருதும் இடம் அது. அங்கே கிரேக்க, ரோமானிய இலக்கியமும் வரலாறும் கற்பித்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியையிடம் மாணவர்கள் கேட்டார்கள்: கிளியோபாட்ரா கறுப்பினப் பெண்தானே?

ஆசிரியையும் கறுப்பினப் பெண்தான். ஆனால் அவர் கற்ற கல்வி வேறு பதிலைச் சொல்லித்தந்திருந்தது. கிளியோபாட்ரா அலெக்சாந்தரின் தளபதி தாலமியின் வழிவந்தவர், மாசிடோனிய கிரேக்கர், அவ்வளவுதான் என்றார். ஆதாரமாக, 'கேம்பிரிட்ஜ் பண்டைய வரலாறு' என்ற பெருந்தொகுதியில் இருக்கும் தாலமி குடும்பத்தின் வம்சாவளி வரைபடத்தை எடுத்துக் காட்டினார். பின்னொரு முறை அதே கேள்வி எழுந்தது. மறுபடியும் அதே புத்தகம், அதே வரைபடம். இந்த முறை அவர் கண்ணில் ஒன்று பட்டது. கிளியோபாட்ராவின் பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கேள்விக்குறி இருந்தது.

அந்த ஆசிரியையின் பெயர் ஷெல்லி ஹேலி. பள்ளியில் என்ன சொல்லிக் கொடுத்தாலும் சரி, கிளியோபாட்ரா நம்மவள்தான் என்று சிறு வயதில் அவருக்குச் சொன்னவர் அவருடைய பாட்டி. பேத்தி அதை நம்பவில்லை. சிராக்யூஸில் பட்டம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று படிக்கப் படிக்க, பாட்டியின் பேச்சு படிக்காதவர்களின் பேச்சாகத் தள்ளிப்போனது. ஒரு வம்சாவளியில் பாட்டிக்குப் பதில் கேள்விக்குறியைப் பார்த்த அன்றைக்குத்தான் இன்னொரு பாட்டியின் குரல் திரும்பக் கேட்டது. 1993இல் வெளிவந்த 'பெண்ணியக் கோட்பாடும் செவ்வியல் ஆய்வும்' என்ற தொகுப்பில் ஹேலியே இதை எழுதியிருக்கிறார். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையைச் செவ்வியல் ஆய்வுக்குள் கொண்டுவந்த அந்தக் கட்டுரையைப் படிக்கும்போது, நம்மில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. படிப்பு ஏறும்போது முதலில் வெட்கப்படக் கற்றுக்கொள்வது வீட்டுப் பேச்சைப் பார்த்துத்தானே.

அந்தக் கேள்விக்குறியில் என்ன இருக்கிறது? கிளியோபாட்ராவின் தந்தை பன்னிரண்டாம் தாலமி. முறையான மணத்தில் பிறக்காதவர் என்று பழைய ஆசிரியர்கள் அவரைக் குறிப்பிடுகிறார்கள். அவருடைய தாய் யார் என்று எந்த ஏடும் உறுதியாகச் சொல்லவில்லை. கிரேக்கப் பெண்ணாக இருக்கலாம், எகிப்தியப் பெண்ணாக இருக்கலாம், அரண்மனையில் வைத்திருந்த அடிமைப் பெண்ணாகவும் இருக்கலாம். கிளியோபாட்ராவின் சொந்தத் தாய் யார் என்பதிலும் முழு உறுதி கிடையாது. அந்த வம்சத்தில் எகிப்திய மக்களின் மொழியைக் கற்றுக்கொண்ட முதல் ஆட்சியாளர் கிளியோபாட்ரா என்கிறார் புளூட்டார்க். அவருக்கு முன் சுமார் 250 ஆண்டுகள் ஆண்டவர்கள், வரி கொடுத்த மக்களின் மொழியில் பேசத் தேவையில்லாமல் காலத்தைக் கழித்துவிட்டார்கள்!

ஆக, அரசன் பெயர் ஏறிவிட்டது, அரசனின் அப்பன் பெயர் ஏறிவிட்டது. அவர்களைப் பெற்றவள் பெயர் ஏறவில்லை. இதைத் தற்செயலான விடுபடல் என்று நாம் நினைக்கவில்லை. எவருடைய கருப்பையைப் பயன்படுத்திக்கொண்டு எவருடைய பெயரை எழுதாமல் விட்டார்கள் என்பதுதான் வம்சாவளி என்கிற ஆவணத்தின் மொத்தக் கதையும்.

2023 மே மாதம் நெட்ஃபிளிக்ஸில் 'குயின் கிளியோபாட்ரா' தொடர் வெளியானபோது ஹேலி பாட்டியின் அந்தச் சொல்லைக் கேமரா முன்னால் சொன்னார். முன்னோட்டம் வந்ததுமே கொந்தளிப்பு. கறுப்பின நடிகை கிளியோபாட்ராவாக நடித்ததை எகிப்தில் பலர் அவமதிப்பாகப் பார்த்தார்கள். அந்நாட்டின் தொல்பொருள் அமைச்சகம், கிளியோபாட்ரா வெளிர்நிறத் தோலும் கிரேக்கச் சாயலும் கொண்டவர் என்று அறிக்கையே வெளியிட்டது. ஓர் அரசாங்கம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு பெண்ணின் தோல் நிறத்துக்குச் சான்றிதழ் கொடுத்த விந்தையை நாமும் பார்த்தோம். இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிளியோபாட்ரா கறுப்பினத்தவர் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. அவர் முழுக்கக் கிரேக்க ரத்தம் என்பதற்கும் சான்று இல்லை. ஹேலி 1993இல் எழுதியதும் தோலின் நிறத்தைப் பற்றி அல்ல. ஒடுக்குமுறையையும் சுரண்டலையும் அனுபவித்து, அதையெல்லாம் தாண்டி எஞ்சி நின்ற ஒரு வரலாற்றின் பகுதியாக அவரை உரிமை கோருகிறோம் என்பதே அவர் வாதம். தொலைக்காட்சிக்கு அவ்வளவு நுட்பம் தேவைப்படவில்லை.

அந்த உரிமைகோரலிலும் நமக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கிளியோபாட்ரா அரசி. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த அரண்மனையின் தலைவி. அடக்கப்பட்டவர்கள் கடந்த காலத்துக்குள் போகும்போதெல்லாம் ஏன் ஓர் அரசனையோ அரசியையோ தேடிக்கொண்டு போகிறோம்? நம் ஊரில் 'ஆண்ட பரம்பரை' என்று சுவரில் எழுதாத சாதி எது? நம்மவர்களிலும் சிலர் அந்தப் போட்டியில் இறங்கிவிட்டார்கள். அயோத்திதாசப் பண்டிதர் நந்தனைப் பௌத்த அரசனாக எழுதியதை இந்தச் சுவரெழுத்தோடு சேர்த்துவிட முடியாது என்பதும் தெரியும். பண்ணையாளாகவே நந்தனைப் பாடிக்கொண்டிருந்த ஒரு சமூகத்தின் முகத்தில் எறிந்த பதில் அது. அந்த நேரத்தில் அது வேண்டியிருந்தது. ஆனால் ஹேலி கண்டெடுத்த வரைபடத்தில் நமக்குச் சொந்தமான இடம் கிளியோபாட்ராவின் பெயருக்கு நேரே இல்லை. அதற்கு இரண்டு படி மேலே, கேள்விக்குறி நிற்கும் இடத்தில் இருக்கிறது.

கறுப்பின மக்களுக்கு கிரேக்கமும் லத்தீனும் ஒருபோதும் வெறும் பாடமாக இருந்ததில்லை. அலெக்சாண்டர் க்ரம்மெல் சிறுவனாக இருந்தபோது நியூயார்க்கில் அடிமை ஒழிப்பு இயக்க அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்தார். அப்போது காதில் விழுந்த ஒரு பேச்சை 1897இல் நினைவுகூர்ந்தார். அடிமைமுறையின் பெரிய வக்கீலாக இருந்த அரசியல்வாதி ஜான் கால்ஹூன், கிரேக்க இலக்கணம் தெரிந்த ஒரு கறுப்பனைக் காட்டுங்கள், அப்புறம் அவன் மனிதன்தான் என்று ஒத்துக்கொள்கிறேன் என்ற பொருளில் பேசினாராம். கறுப்பினத்தவருக்கு எழுத்தறிவு கொடுப்பதே தென்மாநிலங்கள் பலவற்றில் குற்றமாக இருந்த காலம். கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே வர முடியவில்லையே, நீ மனிதன்தானா என்று கேட்கிற தந்திரம் நமக்கு நன்றாகவே தெரிந்தது. க்ரம்மெல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தார்.

1852இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து மறைவாக எழுத்துக் கற்ற வில்லியம் சாண்டர்ஸ் ஸ்கார்பரோ, 1881இல் கிரேக்க மொழிக்குப் பாடநூலே எழுதினார். அடுத்த ஆண்டு அமெரிக்க மொழியியல் சங்கத்தில் உறுப்பினரானார். கிரேக்க, லத்தீன் அறிஞர்களின் சங்கம் அது. 1909இல் பால்ட்டிமோரில் அந்தச் சங்கத்தின் கூட்டம் நடந்தபோது, ஸ்கார்பரோ உட்கார்ந்தால் விருந்து பரிமாற மாட்டோம் என்றது விடுதி. அவர் போகவில்லை. கால்ஹூன் கேட்ட இலக்கணத்தை எழுதியே காட்டியாகிவிட்டது. சாப்பாட்டு மேசை வந்ததும் பரீட்சை மாறிவிட்டது.

எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டு, பாரசீகம் எடுக்க வேண்டியிருந்ததை நாம் அறிவோம். பின்னாளில் 'சூத்திரர்கள் யார்?' நூலின் முன்னுரையில், சமஸ்கிருதம் தெரியாதவன் இதை எழுதலாமா என்று கேட்கக்கூடியவர்களுக்கு அவர் பதில் சொல்கிறார். 15 ஆண்டுகள் மொழிபெயர்ப்புகளில் படித்தது தன்னைப் போன்ற சுமாரான அறிவுள்ளவனுக்குக்கூடப் போதும் என்பது அந்தப் பதில். அந்தக் கிண்டலின் கூர்மை எத்தனை பேருக்கு உறைத்ததோ! அந்த நூல் வெளியான 1946இல்தான் அவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், நம் மக்களும் அப்படிச் செய்ய நினைக்கிறோம் என்று. அந்த டு பாய்ஸ் 1894 முதல் 1896 வரை வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். ஸ்கார்பரோ அதற்கு முன் பாடம் நடத்திய, பின்னாளில் தலைவராகவும் இருந்த அதே வில்பர்ஃபோர்ஸ்.

இந்த வரிசையில் ஆண்களின் பெயர்கள்தான் சட்டென்று வருகின்றன. ஹேலி அங்கேயும் நின்று பெண்களைத் தேடினார். ஃபேனி ஜாக்சன் காப்பின் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். மாதம் 6 டாலர் கூலிக்கு வேலை செய்த அவருடைய அத்தை, 125 டாலர் சேர்த்து அவரை விலைக்கு வாங்கி விடுவித்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செலவும் செய்யாமல் இருந்தாலும் 20 மாதங்களுக்கு மேலான கூலி அது. ஃபேனி ஒபர்லின் கல்லூரியில் சேர்ந்து, லத்தீனும் கிரேக்கமும் கணிதமும் கொண்ட 'ஆண்களுக்கான' படிப்பையே எடுத்தார். பெண்கள் அதை எடுக்கக் கூடாது என்று தடை இல்லை, எடுக்கச் சொல்லி யாரும் ஊக்குவிப்பதும் இல்லை. வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போதெல்லாம் தன் இனத்தின் மானமே தன் தோளில் இருப்பதுபோல் இருந்ததாக அவர் பிற்பாடு எழுதினார். 1865இல் பட்டம் பெற்று, 1869இல் ஃபிலடெல்ஃபியாவில் கறுப்பின இளைஞர்களுக்கான உயர்கல்விக்கூடத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் இறந்த 1913இல் அவருடைய நினைவுக் குறிப்புகள் நூலாயின. 1995இல் அதை முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தவர் ஹேலி. தன் துறையில் தனக்கு முன்னால் நடந்துபோன பாட்டியை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். அங்கேயாவது கேள்விக்குறி இல்லாமல் ஒரு பெயர் இருந்தது.

1970களில் பண்டைய உலகின் பெண்களைப் பற்றிய ஆய்வு வேர்பிடித்தபோது அது பெரிய உடைப்புதான். ஆனால் 'பெண்' என்றதும் ஆய்வாளர்களின் மனக்கண்ணில் வந்து நின்றவள் பெரும்பாலும் ஏதென்ஸ் குடிமகனின் மனைவியோ ரோமானியச் சீமாட்டியோதான். அவள் தலையை வாரிவிட்டவள், அவள் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் வந்தாலும் பின்னணியில்தான் வந்தாள். கறுப்பினப் பெண்ணின் கண்ணோடு பார்த்தால் பண்டைய உலகின் பெண்களே வேறு மாதிரி தெரிவார்கள் என்றார் ஹேலி. இங்கே 1995இல் தேசிய தலித் பெண்கள் கூட்டமைப்பு உருவானபோது நம் தோழியர் எழுப்பிய கேள்வியும் இதன் உடன்பிறப்புதான். பெண்ணிய மேடையில் சாதி பேசப்படவில்லை, தலித் மேடையில் பெண்ணுக்கு நாற்காலி போடவில்லை.

ஹேலியின் வேலைகளில் நம்மை அதிகம் பாதித்தது 'மொரேத்தும்' பற்றியது. 2009இல் வந்த நீண்ட கட்டுரை ஒன்றில் இதை எடுத்துப் பேசுகிறார். வர்ஜில் எழுதியதாக நெடுங்காலம் சொல்லப்பட்ட சிறிய லத்தீன் பாட்டு அது. ஓர் ஏழை விவசாயி சிமுலஸ் குளிர்காலத்து விடியலுக்கு முன் எழுகிறான். அடுப்பை ஊதிப் பற்றவைத்து, தானியம் அரைத்து, பூண்டும் பாலாடைக்கட்டியும் இலைதழையும் சேர்த்து இடித்துத் துவையல் செய்கிறான். அந்தத் துவையலின் பெயர்தான் பாட்டின் பெயர். வீட்டில் அவனுக்குத் துணை ஒருத்திதான், ஸ்கிபாலே. ஆப்பிரிக்கப் பெண். விறகு வைப்பதும் வெந்நீர் போடுவதும் வெந்த ரொட்டியை நெருப்பிலிருந்து எடுப்பதும் அவள்.

சிமுலஸ் எப்படி இருப்பான் என்று பாட்டு சொல்வதில்லை. ஸ்கிபாலேயை மட்டும் தலைமுடி முதல் உள்ளங்கால் வரை அங்கம் அங்கமாக அளக்கிறது. சுருண்ட முடி, தடித்த உதடு, கருத்த நிறம், தொங்கிய மார்பு, ஒல்லிக் கால், அகன்ற பாதம். சந்தையில் விலைக்கு நிற்கும் உடம்பைப் பார்க்கும் கண் அது. லத்தீனில் கருமைக்கும் வெண்மைக்கும் பல சொற்கள் உண்டு. பளபளக்கும் கறுப்புக்கு ஒன்று, மங்கிய கறுப்புக்கு ஒன்று, மாநிறத்தை ஒட்டிய கருமைக்கு ஒன்று. பிற்கால மொழிபெயர்ப்பாளர்களும் உரைகாரர்களும் அதன்மேல் தங்கள் காலத்து இனவெறியையும் சேர்த்து ஏற்றினார்கள் என்பதை ஹேலி சொல் சொல்லாகக் காட்டுகிறார். ரோமானியர்களுக்கு முன்முடிவுகள் இல்லை என்று அவர் வாதிடவில்லை. அவர்களுடையது எது, நம் காலத்து ஆய்வாளன் கொண்டுவந்து சொருகியது எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்.

அவள் பெயரையும் கவனியுங்கள். கழிவு, குப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஒட்டியது அது. சூத்திரனுக்கு இழிவு தோன்றும்படி பெயர் வைக்க வேண்டும் என்று மனு விதித்ததைப் படித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொங்கிய மார்பு என்று பாட்டு எழுதுகிறதே, அவள் பால் கொடுத்த பிள்ளைகள் எங்கே? யாருடைய பிள்ளைகள்? இது நம் கேள்வி. பாட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. 'பலவற்றிலிருந்து ஒன்று' என்ற லத்தீன் தொடர் 1782 முதல் அமெரிக்க அரசு முத்திரையில் இருக்கிறது. அதற்கு மிக நெருங்கிய சொற்கள் வருவது இந்தப் பாட்டில்தான், உரலில் இடிபடும் துவையலின் நிறங்கள் ஒன்றாகும் இடத்தில். அந்த முத்திரையைக் குத்திய தேசம் அன்றைக்கு ஸ்கிபாலேயின் பேத்திகளை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தது.

யூரிப்பிடிஸின் மெடியாவையும் டோனி மாரிசனின் 'பிலவ்ட்' நாவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் ஹேலி எழுதியிருக்கிறார். பெற்ற பிள்ளையைக் கொன்ற தாய்கள் இருவர். மெடியா கோல்கிஸ் நாட்டுக்காரி. அந்நாட்டு மக்கள் கருநிறமும் சுருள்முடியும் உள்ளவர்கள் என்கிறார் ஹெரடோட்டஸ். நாவலுக்குப் பின்னால் இருப்பவர் மார்கரெட் கார்னர். 1856இல் கென்டக்கியிலிருந்து தப்பி, பிடிபடும் தறுவாயில், மறுபடி அடிமையாக விடக்கூடாது என்று தன் பெண் குழந்தையைக் கொன்றவர். 1867இல் அந்தக் காட்சியை வரைந்த ஓவியர் வைத்த தலைப்பு 'நவீன மெடியா'. கணவன் கைவிட்டான் என்று பழிவாங்கியவளின் பெயரை, அடிமைச் சட்டத்துக்குப் பிள்ளையைக் கொடுக்க மறுத்தவளின் மேல் ஒட்டிவிட்டார்கள். மேன்மையான கதை கிரேக்கத்தில் இருக்கும்போது கறுப்பினப் பெண்ணுக்குச் சொந்தக் காரணம் எதற்கு என்ற நினைப்புதான். லூசியன் எழுதிய கணிகையர் உரையாடல்களில் பெண்ணும் பெண்ணும் கூடுவதைப் பற்றி வரும் பகுதியையும் ஹேலி ஆராய்ந்திருக்கிறார். ஆண் எழுத்தாளன் எட்டிப் பார்த்து ரசிக்கும் இடம் எது, பழைய நம்பிக்கைகள் ஆட்டம் காணும் இடம் எது என்பது அங்கே அவர் கேள்வி.

ஹோவர்டுக்குப் பிறகு 1989இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாமில்ட்டன் கல்லூரிக்குப் போன ஹேலி, செவ்வியலோடு ஆப்பிரிக்கவியலும் கற்பித்தார். 2021இல், ஸ்கார்பரோ விருந்துக்குப் போக முடியாமல் போன அந்தச் சங்கத்தின் தலைவரானார். இப்போது அதற்குச் செவ்வியல் ஆய்வுச் சங்கம் என்று பெயர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 2019இல் சான் டியாகோவில் நடந்த அதன் மாநாட்டில்தான், பிரின்ஸ்டன் பேராசிரியர் டான்-எல் படில்லா பெரால்ட்டாவைப் பார்த்து, கறுப்பர் என்பதால் உனக்கு வேலை கிடைத்திருக்கலாம் என்று பார்வையாளர் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். விருது வாங்க வந்த வெள்ளையரல்லாத மாணவர்களை விடுதிக் காவலர்கள் மறித்து விசாரித்ததும் அதே மாநாட்டில்தான். 'கோட்டா'வில் வந்தவன் என்ற சொல்லை வாழ்நாளெல்லாம் கேட்கும் நமக்கு அதன் ஆங்கிலம் புதிதல்ல.

ஹேலி தலைவரான அதே 2021இல் ஹோவர்ட் பல்கலைக்கழகம் தன் செவ்வியல் துறையை மூடுவதாக அறிவித்தது. கறுப்பினப் பல்கலைக்கழகங்களில் தனித் துறையாக எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பண்டைய உலகில் கறுப்பினத்தவரைப் பற்றி 1970இல் பெருநூல் எழுதிய ஃபிராங்க் ஸ்னோடன் பல பத்தாண்டுகள் கற்பித்த துறை. மாணவியாக இருந்தபோது டோனி மாரிசன் ஆங்கிலத்தோடு துணைப்பாடமாகச் செவ்வியல் படித்த துறை. சில பாடங்கள் மட்டும் வேறு துறைகளுக்குப் போகும் என்றார்கள். கிளியோபாட்ரா நம்மவள்தானே என்று கேட்டு, புத்தகத்தை இரண்டாம் முறை திறக்கவைத்த அந்த மாணவர்கள் உட்கார்ந்திருந்ததும் அந்தத் துறையின் வகுப்பில்தான்.